பதில்: தடுப்பூசிக்கு மறுக்கும் அண்ணி

ரூபெல்லா என்ற தொற்றுநோய்க்கான தடுப்பூசி போட்டால் மகளுக்குப் பின்னாளில் குழந்தை பிறக்காது என்ற வாட்ஸ்அப் குரல்பதிவை அண்ணி நம்புகிறார், ஆதாரம் அனுப்பினால் கோபப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள் (உங்கள் தொனியில் அது கொஞ்சம் தெரிந்தது).

இந்த அச்சத்துக்குப் பழைய வேர் உண்டு. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் வட மாநிலங்களில் ஆண்களைக் கட்டாயப்படுத்திக் கருத்தடை செய்தார்கள். பிற்பாடு அரசு ஊழியர்கள் போலியோ சொட்டு மருந்தோடு வந்தபோது, உத்தரப் பிரதேசத்தில் பலர் 'இதுவும் கருத்தடைதான்' என்று கதவைச் சாத்தினார்கள். நடந்த கொடுமையின் நினைவு நடக்காததையும் நம்பவைத்தது. 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோதும் வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினார்கள்.

கட்டுரைகள் அனுப்புவதை நிறுத்துங்கள். குடும்பக் குழுவில் விவாதம் வேண்டவே வேண்டாம். எல்லோர் முன்பும் பின்வாங்க யாருக்குத்தான் மனம் வரும்? எது பயமுறுத்தியது என்று தனியாகக் கேளுங்கள். கருவுற்ற தொடக்க மாதங்களில் ரூபெல்லா தாக்கினால் சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அண்ணி கவலைப்படும் அந்த வருங்காலப் பேரக்குழந்தைக்கே இந்த ஊசிதான் காவல். இதை நீங்கள் சொல்வதைவிட, அவர் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவர் சொல்லட்டும்.