படகில் யார், தீவில் யார்?

கேள்வி: வருடக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்கிறவர்களை விட்டுவிட்டு, நெருக்கடி என்றதும் எதிர்த்துப் பேசுகிற ஆளைத் தலைவர்கள் கூப்பிடுகிறார்களே, இது என்ன நியாயம்?

பதில்: கூப்பிடப்படாதவர் ஒதுக்கப்பட்டவர் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட்டீர்கள். தப்பு அங்கேதான்.

துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் அன்டார்டிகா பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1915இல் கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கியது. 28 பேரும் தப்பித்து, 1916 ஏப்ரலில் எலிஃபன்ட் தீவில் ஒதுங்கினார்கள். சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருந்த தெற்கு ஜார்ஜியா என்ற இன்னொரு தீவுக்கு ஒரு சின்னப் படகில் போனால்தான் உதவி. ஷாக்கிள்டனோடு ஐந்து பேர் போகலாம்.

அந்த ஐவரில் ஒருவர் தச்சர் மெக்னிஷ். சில மாதங்களுக்கு முன்புதான், 'கப்பலே போய்விட்டது, இனி உங்கள் உத்தரவு செல்லாது' என்று பனிவெளியில் மல்லுக்கு நின்றவர். ஆனால் திறந்த படகின் பக்கங்களை உயர்த்தி, பெட்டிப் பலகையும் கேன்வாஸும் வைத்து மூடி, இடுக்குகளில் விளக்குத் திரியைத் திணித்து, ஓவியச் சாயமும் கடல்நாய் ரத்தமும் பூசி அடைத்தது அவர்தான். நடுக்கடலில் படகு விரிசல் விட்டால் வேறு யாரைக் கூப்பிடுவது? அவரைத் தீவில் விட்டால் புகைச்சல் பரவும் என்ற கணக்கும் இருந்தது என்பார்கள்.

சரி, ஷாக்கிள்டன் மிகவும் நம்பிய ஃப்ராங்க் வைல்ட் எங்கே? தீவில்! கவிழ்த்துப்போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில் 22 பேர், நான்கு மாதத்துக்கு மேல். தினமும் காலையில், 'மூட்டையைக் கட்டுங்கள், இன்றைக்குத் தலைவர் வரலாம்' என்பார் வைல்ட். மறுநாளும் அதையே சொல்வார். ஒரே வேலையை அலுக்காமல் செய்து, மற்றவர்களையும் செய்ய வைக்கிற மனிதரைப் படகில் ஏற்றியிருந்தால் தீவு என்னவாகியிருக்கும்? ஆகஸ்ட் 30ஆம் தேதி மீட்புக் கப்பல் வந்தபோது 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

யார் எதற்கு உதவுவார் என்பதை ஷாக்கிள்டன் அந்தத் தீவில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல் கூடவே இருந்து பார்த்தது அது. உங்கள் தலைவர் சாதாரண நாளில் உங்களைக் கவனிக்கிறாரா? கோபப்படுவதென்றால் அதற்குக் கோபப்படுங்கள்.

நியாயம் கேட்க இன்னோர் இடமும் உண்டு. ஊர் திரும்பியபின் துருவப் பதக்கத்துக்கு ஷாக்கிள்டன் பரிந்துரைத்த பட்டியலில் மெக்னிஷ் பெயர் இல்லை. படகுக்கு வேண்டியிருந்தவர் பதக்கத்துக்கு வேண்டாதவரானார். ஷாக்கிள்டன்மேல் எவ்வளவோ மதிப்பு வைத்திருந்தும், இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.