இரவில் வீட்டுக்குள் ஒரு செந்தலைப் பறவை வந்து ஒளிந்துகொண்டது. பக்கத்து வயலில் விட்டுவிடலாமா?

வயலில் விடாதீர்கள். செங்கபில நிறத்தில் தலையும் நெஞ்சும், வெள்ளைத் தொண்டை, கறுப்பு வெள்ளை வரிபோட்ட வயிறு, சாம்பல் நிறக் கால் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது கானாங்கோழிக் குடும்பத்துப் பறவைதான். ஆங்கிலத்தில் ஸ்லேட்டி லெக்ட் கிரேக் என்பார்கள். நீளம் 25 செ.மீ. அளவு. குடும்பம் நீர்நிலைக் குடும்பம் என்றாலும் இதற்குப் பிடித்தது காடுதான்: மர நிழல், அடர்ந்த புதர், ஈரமான சருகு. கூடு கட்டுவதும் தண்ணீரில் இல்லை, புதருக்கடியில் காய்ந்த தரையில்தான். வெட்டவெளி வயலில் விட்டால் ஒளிய இடம் தேடியே தவித்துப்போகும்.

இந்தியாவின் மலைக்காடுகளில் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்டோபர், நவம்பரில் இவற்றில் சில கடல் தாண்டி இலங்கைக்கு வருகின்றன. பயணம் இரவில். களைத்து வந்து சேரும்போது வெளிச்சத்தில் தடுமாறி, கொழும்பு வீடுகளுக்குள் கூட விழுந்துவிடும். ஆறுமணிக்குருவிக்கும் அதே காலத்தில் இதே பாடுதான்.

கண்டியில் எங்கள் குளியலறை வாளிக்குப் பின்னால் ஒன்று பதுங்கியிருந்தது. கிட்டப் போனாலும் பறக்கவில்லை. குட்டை வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு, சிவந்த கண்ணால் எங்களையே பார்த்தது. துவாயைப் போட்டுத் தூக்கியபோது கையில் பாரமே தெரியவில்லை. இவ்வளவு சின்ன உடம்பு கடலைத் தாண்டி வந்திருக்கிறதே என்று எனக்குப் பேச்சே வரவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. காட்போட் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, உள்ளே விட்டு மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் அடிக்கடி திறந்து காட்டாதீர்கள். சிறகு தொங்கினாலோ, நிற்க முடியாவிட்டாலோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

காயம் இல்லையென்றால் மறுநாள் அந்தி சாயும் நேரத்தில், மரமும் புதரும் உள்ள வளவில் பெட்டியைச் சரித்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மேலே எறியக் கூடாது. தானாக நடந்து புதருக்குள் போய்விடும். அதற்கு முன் பூனையை உள்ளே பூட்டிவிடுங்கள், நாயையும் கட்டுங்கள். அப்புறம், இந்த மாதங்களில் விறாந்தை விளக்கை இரவு முழுக்க எரிய விடாதீர்கள். அடுத்த பறவையாவது நேரே காட்டுக்குப் போகட்டும்.