மதுரையில் பிஎச்.டி. செய்யும் உயிரியல் மாணவருக்கு ஃபெல்லோஷிப், பயண உதவி, பயிற்சி எல்லாம் கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் திருமங்கலத்துக்காரர். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மதுரையில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறார். கைடிடம் இப்போது ப்ராஜெக்ட் எதுவும் ஓடவில்லை, இவருக்கு ஃபெல்லோஷிப்பும் (ஆராய்ச்சி உதவித்தொகை) இல்லை. "இதெல்லாம் பெங்களூரு, ஹைதராபாத் ஆட்களுக்குத்தானா, நம்ம ஊரில் இருப்பவர்களுக்கு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்டு. ஆனால் நம் பக்கம் பலருக்கும் வாய்ப்பு தவறுவது தகுதி இல்லாததால் அல்ல, விஷயம் காதுக்கு வரும்போது வயதோ வருடமோ கடந்துவிடுவதால்தான். எனக்கு நடந்ததையே சொல்கிறேன். மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை இன்ஸ்பயர் ஃபேகல்டி என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பிஎச்.டி. முடித்தவருக்கு 5 ஆண்டு சம்பளம், அதோடு ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் ஆராய்ச்சிப் பணம். வயது வரம்பு 32, சில பிரிவினருக்கு மட்டும் தளர்வு. அந்தத் திட்டத்தின் பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு 33 நடந்துகொண்டிருந்தது. நான் வாடிப்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். எங்கள் துறையிலும் யாரும் அதற்கு விண்ணப்பித்ததில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மாதச் செலவுக்கு வழி. பிஎச்.டி. பதிவு செய்த பிறகும் அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் எழுதலாம். "சேர்ந்தாச்சு, இனி எதற்கு" என்று பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். அதில் தேறினால் கிடைக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை (ஜேஆர்எஃப்) 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலை (எஸ்ஆர்எஃப்) ஆனதும் 42,000. வீட்டு வாடகைப்படி தனி, ஆய்வின் சில்லறைச் செலவுக்கான கான்டின்ஜென்சி ஆண்டுக்கு 20,000, அதுவும் தனி. உயிரியல் தாளில் மொத்தம் 145 கேள்விகள் இருக்கும், 75க்கு விடை எழுதினால் போதும், 200 மதிப்பெண். அதில் சி பகுதியில் 25 கேள்விக்கு மட்டும் 100 மதிப்பெண். நம் மாணவர்கள் வழுக்குவது அந்த இடத்தில்தான். புத்தகத்தில் ஒரு வரியைப் படித்து ஒப்பித்தால் அங்கே நடக்காது. ஒரு சோதனையை விவரித்து, ஒரு ஜெல் படத்தையோ வரைபடத்தையோ கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். வாரம் ஒரு ஆய்வுக்கட்டுரையை எடுத்து, முடிவுரையைக் கையால் மறைத்துக்கொண்டு, படங்களை மட்டும் பார்த்து நீங்களே முடிவு எழுதிப் பழகுங்கள். என் மாணவிகள் இரண்டு பேர் இப்படித்தான் தேறினார்கள். ஆறு மாதம் விடாமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் (டிபிடி), இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) தேர்வு வைத்து ஜேஆர்எஃப் கொடுக்கின்றன. எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக அளவில் முதல் ரேங்க் வாங்கியிருந்தால், பிஎச்.டி. மாணவருக்கான இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப் பக்கம் பாருங்கள். நெட் எதுவும் கைகூடவில்லை என்றால், சிஎஸ்ஐஆர் நேரடி எஸ்ஆர்எஃப் என்று ஒன்று இருக்கிறது, ஐசிஎம்ஆரும் அதுபோல எஸ்ஆர்எஃப் கொடுக்கிறது. எழுத்துத் தேர்வு எழுதியிருக்க வேண்டியதில்லை. சில ஆண்டு ஆராய்ச்சி அனுபவம், வெளியான ஒரு நல்ல கட்டுரை, அப்புறம் நேர்முகம். இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்களுக்கு இது முக்கியம். இப்போது ஒரு கட்டுரையைச் சரியான ஜர்னலுக்கு அனுப்பினால் அடுத்த ஆண்டு அது உங்களுக்குச் சோறு போடும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் ஜர்னல் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். விண்ணப்பத்தைப் படிக்கும் நிபுணருக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் அத்துப்படி.

தமிழ்நாடு அரசு, முழுநேரப் பிஎச்.டி. படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கிறது. உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் பக்கத்து லேபில் யாருக்காவது பொருந்தும், சொல்லிவிடுங்கள். சென்னையில் இருக்கும் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுக்குச் சிறு தொகை கொடுக்கிறது. தொகை சின்னதுதான், ஆனால் உங்கள் பெயரில் வரும் முதல் கிராண்ட் என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு.

சரி, இதைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பம் எழுதுவது.

என் முதல் ப்ரொபோசல் கொசுவைப் பற்றியது. மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகுவது. ஐந்து பக்கம் எழுதி, எங்களுக்கு இரண்டு பேட்ச் மூத்த அக்கா ஒருவரிடம் காட்டினேன். அவர் அப்போது வேறு ஊரில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்), லீவுக்கு மதுரை வந்திருந்தார். என் முதல் வரி இப்படி இருந்தது: "கொசுக்களால் பரவும் நோய்கள் உலகெங்கும் பொதுச் சுகாதாரத்துக்குப் பெரும் சவாலாக உள்ளன." அக்கா பேனாவை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போட்டார். அடுத்த பத்தியிலும் ஒரு கோடு. மூன்றாம் பக்கத்தின் நடுவில் போய் நிறுத்தி, "தம்பி, நீ என்ன கண்டுபிடிக்கப் போறேன்னு இங்கதான் சொல்ற. படிக்கிறவங்க இவ்வளவு தூரம் வரமாட்டாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினோம். கடைசியில் இப்படி வந்தது: "மேலூர் வட்டாரத்தில் நடவு முடிந்து எத்தனையாவது நாளில் வயலில் கியூலெக்ஸ் புழுக்கள் உச்சத்தைத் தொடுகின்றன, அந்த நாளுக்கு முன் நீரை வடித்தால் எவ்வளவு குறைகின்றன என்று இரண்டு பருவங்கள் அளப்போம்." ஊர், பூச்சி, நாள், அளவு, காலம் எல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டன. வயலில் நீரை விட்டு விட்டுப் பாய்ச்சி இந்தக் கொசுவைக் கட்டுப்படுத்த முடியுமா என்று மதுரையில் இருந்த ஐசிஎம்ஆர் மருத்துவப் பூச்சியியல் மையத்தார் 1990களிலேயே நம் பக்கத்து வயல்களில் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் அக்காதான் சொன்னார். அதைப் படிக்காமலே ப்ரொபோசல் எழுதியிருந்தேன்.

அந்த மையம் இருந்தது சின்ன சொக்கிகுளத்தில், நான் தினமும் பஸ்ஸில் கடந்துபோன வழி. இப்போது அது புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மதுரையில் ஆள் இல்லை என்று நினைப்பது தவறு. அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தனி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. யானைமலை அடிவாரத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. நாகமலைப் பக்கம் காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறைகள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியில் இல்லாத கருவி இவர்களில் ஒருவரிடம் இருக்கும். மரியாதையாக ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். கூட்டு ஆய்வுக்கு ஒப்புக்கொண்டு அவர்கள் கொடுக்கும் ஒரு கடிதம் உங்கள் விண்ணப்பத்தில் பெரிய பலம்.

அப்புறம் கையெழுத்து. ஏறக்குறைய எல்லா விண்ணப்பத்துக்கும் நிறுவனத் தலைவரின் எண்டோர்ஸ்மென்ட் (ஒப்புதல்) கடிதம் வேண்டும், முத்திரையோடு. நான் ஒருமுறை கடைசி நாளில் போனேன். கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூர், முத்திரை பூட்டிய அலமாரியில், சாவி அவரிடம். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிக்கொண்டது. நாலு மாத வேலை போனது. அது எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா ஊரிலும் இதேதான். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே அந்த ஒரு தாளை மட்டும் வாங்கி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ரொபோசலைப் பிறகு மெருகேற்றலாம்.

ஃபெல்லோஷிப் கிடைத்த பிறகும் பணம் மாதாமாதம் வரும் என்று நம்பி வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு ஒரு சமயம் ஏழு மாதம் வரவில்லை. அப்பா போனில் ஒவ்வொரு முறையும் "பணம் வந்துருச்சாப்பா?" என்று கேட்பார், நான் பேச்சை மாற்றுவேன். அந்த ஏழு மாதமும் ஒரு நண்பனின் அறையில் தங்கித்தான் ஓட்டினேன். யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட் (பணம் செலவான கணக்குச் சான்று), வருகைச் சான்று, முன்னேற்ற அறிக்கை ஆகிய மூன்றில் ஒன்று தாமதமானாலும் அடுத்த தவணை நின்றுவிடும். அதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல் நீங்களே கோப்போடு மேஜை மேஜையாகப் போய் நில்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் பணம்.

பயிற்சிக்கும் பயணத்துக்கும் வருகிறேன். பெங்களூரில் இந்தியா பயோசயின்ஸ் என்று ஓர் அமைப்பு 2009லிருந்து இயங்குகிறது. இளம் உயிரியலாளர்களுக்கான வேலை அறிவிப்பு, ஃபெல்லோஷிப் அறிவிப்பு எல்லாம் அவர்கள் தளத்தில் ஒரே இடத்தில் வரும், பயிலரங்குகளும் நடத்துகிறார்கள். இன்றே அவர்கள் மின்னஞ்சல் பட்டியலில் சேருங்கள், இலவசம். உயிரியல், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் டிபிடி–வெல்கம் இந்தியா அலையன்ஸ் நடத்தும் கிராண்ட் எழுதும் பயிலரங்குக்கு ஒருமுறை மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறிப் போனேன். இரண்டு நாளில் கற்றுக்கொண்டது, அதற்கு முன் நான்கு வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றதைவிட அதிகம். நீங்கள் எழுதியதை நிராகரித்த மனிதர் எப்படி யோசித்திருப்பார் என்று அங்கே புரிந்துவிடும்.

வெளிநாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டால், மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான ஏஎன்ஆர்எஃப்பின் சர்வதேசப் பயண உதவி இருக்கிறது. முன்பு எஸ்இஆர்பி என்று இருந்ததுதான் இப்போது ஏஎன்ஆர்எஃப். விமான டிக்கெட், விசா, பதிவுக் கட்டணம் தருவார்கள், ஆனால் போய்வந்து பில் கொடுத்த பிறகுதான் பணம் வரும், ஆகவே முதலில் கைப்பணம் வேண்டும். கருத்தரங்குக்காரர்களிடமே பயண உதவி கேட்டும் எழுதுங்கள். ஐரோப்பிய உயிரியல் அமைப்பான எம்போவில் இந்தியா 2016லிருந்து இணை உறுப்பு. இங்கிருந்து அங்கே ஒரு லேபுக்கு மூன்று மாதம் வரை போய் ஒரு நுட்பம் கற்றுவர அவர்கள் உதவித்தொகை தருகிறார்கள். கம்பெனி ஆஃப் பயாலஜிஸ்ட்ஸ் என்ற பிரிட்டன் அமைப்பும் இதேபோல் பயண ஃபெல்லோஷிப் வைத்திருக்கிறது.

பிஎச்.டி. முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கு ஒன்று. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த தேதியிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு 35 வயது வரம்பு, தளர்வுகள் தனி. இரண்டு ஆண்டு, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றில் ஒரு வழிகாட்டியைப் பிடித்துச் செய்யலாம். இந்தியா அலையன்ஸின் தொடக்கநிலை ஃபெல்லோஷிப்புக்கு வயது பார்ப்பதில்லை, பிஎச்.டி. வாங்கி எத்தனை ஆண்டு ஆயிற்று என்றுதான் பார்ப்பார்கள். 5 ஆண்டு, சம்பளமும் ஆராய்ச்சிப் பணமும். நிரந்தர வேலை இருக்க வேண்டியதில்லை. கடைசி ஆண்டு பிஎச்.டி.யிலேயே விண்ணப்பிக்கலாம் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

திருமணம், குழந்தை என்று இடைவெளி விழுந்த பெண்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்–கிரண் திட்டமும், டிபிடியின் பயோகேர் திட்டமும் இருக்கின்றன. மதுரையில் எம்.எஸ்சி. தங்கப் பதக்கம் வாங்கிவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்கள் எத்தனை பேரை எனக்கே தெரியும். யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள். என்னைப் போலக் கல்லூரியில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு டேர் என்ற திட்டம்: வேலையை விடாமலே ஒரு பெரிய நிறுவனத்தில் 3 ஆண்டு ஆய்வு செய்யலாம், ஆண்டுக்கு 5 லட்சம் ஆராய்ச்சிப் பணம் என்று அறிவித்திருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியர்களுக்குப் பிரதம மந்திரி பெயரில் ஏஎன்ஆர்எஃப் தொடங்கிய கிராண்டில் 3 ஆண்டுக்கு 60 லட்சம் வரை கேட்கலாம்.

உங்களுக்கு இப்போதைக்கு நான் சொல்வது இரண்டுதான். அடுத்த நெட்டுக்குப் படிவம் போடுங்கள். கூடவே, உங்கள் ஆய்வு என்ன என்பதை அரைப் பக்கத்தில் எழுதி, உயிரியல் படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறார் என்று பென்சிலில் குறித்துக்கொண்டு, அதை இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.