அப்பாவைத் தகனம் செய்யலாமா?

சகோதரரே, படுக்கையில் இருக்கும் அப்பா தம்மைத் தகனம் செய்யச் சொல்கிறார், "எரித்தால் சாமியார் பூசை வைக்கமாட்டார்" என்று பெரியப்பா மிரட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவர் சிறுவனாக இருந்தபோது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் அதுதான். 1886இல் ரோம் தகனத்தைத் தடைசெய்தது. ஐரோப்பாவில் சிலர் உயிர்த்தெழுதலை மறுக்கும் அடையாளமாகவே அதைத் தூக்கிப்பிடித்த காலம் அது. 1963இல் தடை தளர்ந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1176ஆம் பிரிவு அடக்கத்தைப் பரிந்துரைக்கிறது. ஆனால் விசுவாசத்துக்கு எதிரான காரணம் இல்லாவிட்டால் தகனத்தைத் தடுப்பதில்லை. ஆகவே கோயிலில் உடலை வைத்து அடக்கத் திருப்பலி (பெரியப்பா சொல்லும் பூசை), பிறகு மின்மயானம். இதில் சிக்கல் இல்லை.

சிக்கல் சாம்பலில்தான். ஒரு பங்கைக் கன்னியாகுமரிக் கடலில் கரைப்பது, மீதியைப் பிள்ளைகள் மூவரும் பிரித்துக்கொள்வது என்ற உங்கள் திட்டத்துக்கு 2016ஆம் ஆண்டு வத்திக்கான் அறிவுறுத்தல் குறுக்கே நிற்கிறது. கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் சிறு தளர்வு வந்தது: இறந்தவரின் வாழ்வோடு தொடர்புடைய இடத்தில் மிகச் சிறிய பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரி பரிசீலிக்கலாம். அதைக் கேளுங்கள். கடலுக்காக வாதாடினால் தோற்பீர்கள்.

அப்பா பேசும் நிலையில் இருக்கும்போதே பங்குத்தந்தையை வீட்டுக்கு அழையுங்கள். நோயில்பூசுதலும் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு) ஆகிவிடும், அப்பா தம் விருப்பத்தைத் தம் வாயாலேயே சொல்லட்டும். பெரியப்பாவையும் உடன் உட்காரவையுங்கள்.