சுரையாவை விடுங்கள், சனோபரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வாசிப்புக் குழுவில் காலித் ஹுசைனியின் ஆப்கான் நாவல் 'தி கைட் ரன்னர்' படித்தோம். திருமணத்துக்கு முன் ஒருவனோடு ஓடிப்போய் வாழ்ந்த சுரையாவை அமீர் ஏற்றுக்கொள்வது பெருந்தன்மை என்றார் ஒருவர். 'அவங்க ஊரு வழக்கம் அப்படி, நாம என்ன சொல்ல?' என்றார் இன்னொருவர். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. – ஒரு வாசகி

பதில்: உங்களுக்கு ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. பெருந்தன்மை யாருடையது என்று முதலில் பார்த்துவிடுவோம். பெண் கேட்டு முடிந்த கையோடு, வர்ஜீனியாவில் பதினெட்டு வயதில் நடந்ததையெல்லாம் சுரையா தானாகவே போனில் சொல்லிவிடுகிறாள். வேண்டாமென்றால் விலகிக்கொள்ள அவனுக்கு வழியும் விடுகிறாள். அமீர் என்ன செய்கிறான்? கூடவே வளர்ந்த வேலைக்காரர் மகன் ஹசனுக்கு நடந்த கொடுமையை ஒளிந்து நின்று பார்த்துவிட்டு ஓடியவன் அவன். அதோடு விடாமல், பணத்தையும் கைக்கடிகாரத்தையும் ஹசனின் படுக்கைக்கு அடியில் வைத்துத் திருட்டுப்பட்டம் கட்டியவன். அதைப் பற்றி மனைவியிடம் வாய்திறக்கப் பல வருடங்கள் ஆகின்றன. இதில் மன்னிக்கிற இடத்தில் அவனை யார் உட்கார வைத்தது?

ஆனால், என்னைக் கேட்டால் நாவலின் பெரிய அநியாயம் சுரையா கதையில் இல்லை. சனோபர் கதையில் இருக்கிறது. உங்கள் குழுவில் அவள் பெயரை யாராவது எடுத்தார்களா?

உண்மையில் அமீரின் அப்பா பாபாவுக்கும் வேலைக்காரர் அலியின் மனைவி சனோபருக்கும் பிறந்தவன் ஹசன். பாபா அநாதை இல்லம் கட்டுகிறார், ஊரே மதிக்கிறது, இறுதிச் சடங்குக்குக் கூட்டம் கூடி அவர் செய்த உதவிகளைச் சொல்லிச் சொல்லி அழுகிறது. இத்தனைக்கும் திருட்டு ஒன்றுதான் பாவம், பொய் சொல்வதும் திருட்டுதான் என்று மகனுக்குப் பாடம் எடுத்தவர்! சனோபரோ நடத்தை கெட்டவள். சினிமாவுக்குப் போகிற வழியில் ஒரு சிப்பாய் அவளைப் பற்றி அசிங்கமாகப் பேச, தியேட்டர் இருட்டில் ஹசன் அழுகிறான். தாயின் பெயரால் பிள்ளை அழ வேண்டியிருக்கிறது, தகப்பன் பெயர் அவர் சாகும்வரை வெளியே வரவே இல்லை. வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடம் கழித்து அவள் திரும்பி வரும்போது முகமெல்லாம் கத்திக் கீறல். அவள் ஹஸாரா என்கிற ஒடுக்கப்பட்ட சிறுபான்மை இனத்தவள், வேலைக்காரர் மனைவி, பாபா முதலாளி. அந்த உறவுக்கு அவள் சம்மதித்தாளா என்றுகூட நாவல் கேட்கவில்லை. கதை சொல்கிறவன் ஆண். சமூகத்தின் ஓரவஞ்சனையைக் காட்டுகிற புத்தகத்திலும் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அடுத்தது, 'அவங்க ஊரு வழக்கம்'. வழக்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. நங், நாமூஸ் என்கிற மானமும் கௌரவமும் அங்கே பெரிய சொற்கள். ஆனால் அந்தச் சொற்களைக் கேட்டுக் கொதிப்பவளும் ஆப்கான் பெண்தானே? பையன்கள் எப்படித் திரிந்தாலும் யாரும் கேட்பதில்லை, நான் ஒரு தடவை தவறினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று குமுறுவது சுரையாதான்.

நாவலுக்கு வெளியேயும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையிலும் கல்லறையிலும்கூடப் பெண்ணின் பெயரைப் போடத் தயங்குகிற வழக்கத்தை எதிர்த்து, 'என் பெயர் எங்கே?' என்று 2017இல் இயக்கம் தொடங்கியவர்கள் ஆப்கான் பெண்களே. அடையாள அட்டையில் தாயின் பெயரும் இடம்பெறலாம் என்று 2020 செப்டம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு வருடம் முடிவதற்குள் தாலிபான் திரும்பி வந்தது வேறு கதை. பொது இடத்தில் பெண்ணின் குரல் கேட்கக் கூடாது என்று 2024 ஆகஸ்டில் அவர்கள் சட்டம் போட்டபோது, எனக்கு சுரையாவின் அம்மா ஜமீலா நினைவுக்கு வந்தார். காபூலில் நல்ல பாட்டுக்காரி என்று பேர் வாங்கியவர். மகள் கல்யாணத்தில் ஒரே ஒரு பாட்டுப் பாட ஆசைப்படுகிறார். கணவர் ஒரு பார்வை பார்க்கிறார், பேச்சு அதோடு முடிகிறது. அது நடப்பது கலிஃபோர்னியாவில். சட்டமெல்லாம் அங்கே தேவைப்படவில்லை.

சரி, அடுத்த கூட்டத்தில் சனோபர் திரும்பி வரும் பக்கங்களை யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பெருந்தன்மை என்று சொன்னவரே வாசித்தால் இன்னும் நல்லது.