அடிபட்டா ஏன் வீங்குது?

கேள்வி: படியில இறங்கும்போது கணுக்கால் பிசகிடுச்சு. கொஞ்ச நேரத்துலயே வீங்கி, செவந்து, தொட்டா சூடா இருக்கு. ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இன்ஃபெக்‌ஷன் ஆயிடும்னு வீட்ல ஆன்டிபயாடிக் போடச் சொல்றாங்க. போடலாமா?

பதில்: வேண்டாங்க. தோலே கிழியல, கிருமி உள்ள போக வழியில்ல, அப்புறம் ஆன்டிபயாடிக்குக்கு அங்க என்ன வேலை? சிவப்பு, வீக்கம், சூடு, வலின்னு நீங்க சொன்ன இந்த நாலையும் கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னாடியே ரோம்ல செல்சஸ்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்கார், இதுதான் அழற்சி. கிருமி வந்தாலும் வரும், கிருமியே இல்லாம சுளுக்கினாலும் சுட்டுக்கிட்டாலும் வரும். அழற்சியையும் கிருமித் தொற்றையும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் நிறைய பேர் தேவையில்லாத மாத்திரைய முழுங்குறாங்க, பாக்கவே வருத்தமா இருக்கு.

உள்ள என்ன நடக்குதுன்னா, ஜவ்வு இழுபட்டதும் பக்கத்துல காவல் இருக்கிற மாஸ்ட் செல்லுங்க ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தைக் கொட்டும், சின்னச் சின்ன ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு ரத்தம் ஜாஸ்தியா பாயும், சிவப்பும் சூடும் அதனாலதான். குழாய்ச் சுவர்ல செல்லுக்கு நடுவுல இடைவெளி விட்டு ரத்தத்தோட நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளிய கசியும், அதான் நீர் கோத்துக்கிற வீக்கம். புரோஸ்டாகிளாண்டின்னு இன்னொரு ரசாயனம் சுரந்து நரம்பு முனைய உசுப்பி விடுறதால போர்வை பட்டாக்கூட வலிக்கும். அந்த வலி மட்டும் இல்லன்னா அதே காலை ஊனி நடந்து இன்னும் கெடுத்துக்குவோம்.

அந்தக் கசிவு வழியாவே வெள்ளை அணுக்களும் வெளிய வரும். முதல் சில மணி நேரத்துல நியூட்ரோஃபில்னு ஒரு வகை, ரெண்டு மூணு நாள்ல மேக்ரோஃபேஜ்னு இன்னொரு வகை. செத்த செல்லையெல்லாம் தின்னு தீர்த்துட்டு, இனி புது சதை கட்டலாம்னு சிக்னல் குடுக்கிறதும் இந்த மேக்ரோஃபேஜ்தான். 1882ல மெச்னிகாஃப்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி மாதிரி உள்ள எல்லாம் தெரியுற நட்சத்திரமீன் குஞ்சுக்குள்ள ரோஜா முள்ளைக் குத்தி வச்சுட்டு மறுநாள் காலையில பாத்தா, முள்ளைச் சுத்தி செல்லுங்க மொய்ச்சிருந்துச்சு! 1908ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சதுக்கு அந்த முள்தான் ஆரம்பம்.

அதனால வீக்கத்தைப் பாத்துப் பதறாதீங்க. ரெஸ்ட் குடுங்க, காலைத் தலையணை மேல தூக்கி வைங்க, வலி தாங்கலன்னா துணியில சுத்தி பத்துப் பதினைஞ்சு நிமிஷம் ஐஸ் வைக்கலாம். பாராசிட்டமால் வலியைக் குறைக்கும், அழற்சிய பெருசா தொடாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரகமெல்லாம் புரோஸ்டாகிளாண்டினையே சுரக்க விடாது, 1971ல ஜான் வேன்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடிச்சது இது. ஆனா வயித்தைக் காக்கிறதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான், அல்சர், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம அந்தப் பக்கமே போகாதீங்க. காலை ஊனி நாலு அடி வைக்க முடியல, மரத்துப் போகுது, எலும்பைத் தொட்டாலே உயிர் போகுதுன்னா உடனே எக்ஸ்ரே எடுத்துருங்க.

கேள்வி: கால்ல புண்ணு, ஆனா தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கு. ஏன்?

பதில்: கால்ல கசியுற நீர் நிணநீர்க் குழாய் வழியா தொடை இடுக்குல இருக்கிற நிணநீர் முடிச்சுக்குத்தான் வந்து சேரும், நெறின்னு சொல்றது அதைத்தான். கூடவே வர்ற கிருமியை அங்க இருக்கிற செல்லுங்க அடையாளம் கண்டு பெருகுறதால முடிச்சு பெருத்து வலிக்குது. புண்ணு ஆறினா நெறியும் தானா அமுங்கும், போட்டு அமுக்கிப் பிசையாதீங்க. புண்ணுலேர்ந்து மேல சிவப்புக் கோடு ஏறுது, காய்ச்சல் அடிக்குதுன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். சுகர் இருந்தா இதுக்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம், நரம்பு மரத்த கால்ல புண்ணு முத்தினாக்கூட வலி தெரியாது.