தயிரா, கேப்ஸ்யூலா? நல்ல பாக்டீரியா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆன்டிபயாடிக்கோடு 'நல்ல பாக்டீரியா' கேப்ஸ்யூலும் டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். தயிர் சாப்பிட்டால் போதாதா? - வாசகி, திருச்சி

பதில்: தயிர் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது கேப்ஸ்யூலுக்கு ஈடாகாது. ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழிக்கிறது. சிலருக்கு வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான். அதைத் தடுப்பதில் ஓரளவு நல்ல சான்று உள்ளவை இரண்டு: லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற பாக்டீரியா, சாக்கரோமைசிஸ் பொலார்டி என்ற ஈஸ்ட். அட்டையில் முழுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் வரும் 'ஜிஜி' போன்ற எழுத்துதான் ரகத்தைச் சொல்கிறது. ஒரு ரகம் செய்வதை அதே இனத்தின் இன்னொரு ரகம் செய்யும் என்று நம்ப முடியாது. வெறும் 'லாக்டோபேசில்லஸ்' என்று மட்டும் அச்சிட்டதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றே இதையும் தொடங்குவது நல்லது. பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாடிக் விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்; சேர்த்து விழுங்கினால் மருந்து அதையும் கொன்றுவிடும். ஈஸ்டை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, பூஞ்சைக்கான மருந்துதான் கொல்லும். எதையும் வெந்நீரில் கலக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தால் கேப்ஸ்யூலை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: இட்லி, ஊறுகாய், தயிர் எல்லாமே புளித்தவைதானே? எல்லாவற்றிலும் நல்ல பாக்டீரியா இருக்குமா? - வாசகர், தேனி

பதில்: மாவைப் பொங்கவைப்பதில் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் பத்து நிமிடம் ஆவியில் வெந்ததும் அது செத்துவிடும். இட்லி நல்ல உணவு, அவ்வளவுதான். வினிகரும் எண்ணெயும் ஊற்றிய கடை ஊறுகாய் பெரும்பாலும் நொதித்ததே இல்லை. உயிரோடு கிடைப்பது தயிர், மோர், பழைய சோற்று நீராகாரம் ஆகியவற்றில்தான்.

தயிரையும் சூடு கெடுக்கும். கொதித்த மோர்க்குழம்பில் உயிருள்ள பாக்டீரியாவை எதிர்பார்க்க முடியாது. ஆவி பறக்கும் சோற்றில் தயிரைப் பிசைந்தாலும் பெரும்பகுதி போய்விடும்; கை பொறுக்கும் சூட்டுக்குச் சோறு ஆறட்டும். உறை ஊற்றும்போதும் இதே கணக்குதான். காய்ச்சிய பால் 40 டிகிரி அளவுக்கு, அதாவது விரல் வைத்தால் இளஞ்சூடாக இறங்கியதும் அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் புதுத்தயிர் கலந்து, 6 முதல் 8 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பால் அப்படியே கிடந்தால் பெரும்பாலும் சூட்டில் உறை செத்திருக்கும். நூலாக இழுத்தால் பிசுபிசுப்பை உண்டாக்கும் பாக்டீரியா மேலோங்கிவிட்டது, உறையை மாற்றுங்கள். உறைந்ததும் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

வீட்டுத் தயிரில் எந்த ரகம், எத்தனை கோடி என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. அதிலுள்ள பாக்டீரியாவின் நொதி, பால் சர்க்கரையைக் குடலில் உடைத்துக் கொடுப்பதே காரணம்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) பாக்கெட் கொடுக்கலாமா? - வாசகி, கடலூர்

பதில்: முதலில் ஓ.ஆர்.எஸ். ஒவ்வொரு முறை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். டாக்டர் சொல்படி துத்தநாகம் 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றாலும் பாதியில் விடக்கூடாது. புரோபயாட்டிக் இந்த இடத்தில் பெரிதாக உதவவில்லை என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த இரு பெரிய ஆய்வுகள் 2018-ல் காட்டின. ஒன்றில் கொடுத்தது மேலே சொன்ன அதே ஜிஜி ரகம்.

அதற்காக எங்குமே பயனில்லை என்று தள்ளிவிட முடியாது. ஒடிசாவில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரத்தின் ஒரு ரகத்தை, அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரையோடு 7 நாள் கொடுத்தார்கள். கடும் தொற்றோ மரணமோ நேர்ந்தது 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. அவை பெரும்பாலும் நிறைமாதக் குழந்தைகள். குறைமாதக் குழந்தைக்கு வீட்டில் நாமாக எதையும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: மாமியாருக்குக் கீமோ நடக்கிறது. தெம்புக்கு இந்தக் கேப்ஸ்யூல் கொடுக்கலாமா? - வாசகி, சேலம்

பதில்: புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது இதே ஈஸ்டோ பாக்டீரியாவோ அரிதாக ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். கழுத்திலோ மார்பிலோ மருந்து ஏற்றும் குழாய் பொருத்தியிருந்தால், ஈஸ்ட் கேப்ஸ்யூலை அவர் பக்கத்தில் வைத்துப் பிரிக்கவே கூடாது. அந்தத் தூள் கையில் ஒட்டிக் குழாய் வழியாக உள்ளே போய்விடும்.